வாவிக்கரையில் மேசை போட நினைப்பவர்களுக்கு

மாலை ஐந்தரைக்கு மேல் மட்டக்களப்பு நகரத்தின் புளியந்தீவில் வாவியோரமாக நடந்து பாருங்கள். வெயில் இறங்கியிருக்கும். காந்திப் பூங்காவில் பிள்ளைகள் ஓடுவார்கள், மதிலில் இளசுகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், தூரத்தில் ஒரு தோணி அசையாமல் நிற்கும். இதைப் பார்த்தபடி ஒரு பிளேன்டீ குடிக்க யாருக்குத்தான் மனம் வராது? கரையைப் பார்த்தபடி சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு இன்னோர் ஆசையும் வரும். வெளியே பத்து மேசை போட்டால் என்ன?

போடலாம், வழி இருக்கிறது. என் அக்காவின் கடைக்காக அந்த வழியில் ஒன்றரை வருடம் நடந்தேன். பிறகு தெரிந்தவர்கள் இரண்டு பேருக்குக் கடிதமும் வரைபடமும் தயாரிக்க உதவினேன். எதை முதலில் செய்வது, எதை எழுத்தில் வாங்குவது, எங்கே காசு வீணாகும் என்பதையெல்லாம் புதிதாக வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தொடங்க முன் ஒன்றை மனதில் பதிய வையுங்கள். கரையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அனுமதி மட்டும்தான். நிலம் பொதுவாகவே இருக்கும். இரவு கடை சாத்தும்போது எல்லாவற்றையும் தூக்கி உள்ளே வைக்க முடியுமா? முடியுமென்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் அத்தான் இதை யோசிக்காமல் முதல் வேலையாகச் சீமெந்துத் தளம் போட்டார். நானும் பக்கத்தில் நின்று மட்டம் பார்த்தேன். அளக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “இதை யாரைக் கேட்டுப் போட்டீங்க?” பதில் இல்லை. நான்கு நாள் கூலி கொடுத்துப் போட்டதை இரண்டு நாள் கூலி கொடுத்து உடைத்தோம். அதற்குப் பிறகுதான் விண்ணப்பமே நகர்ந்தது.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

கடை வாசலிலிருந்து தண்ணீர் வரை இருபது முப்பது அடிதான் இருக்கும். அதற்குள் மூன்று நான்கு உரிமைக்காரர்கள் இருக்கலாம். உங்கள் காணி உறுதியில் உள்ள எல்லை ஓரிடத்தில் முடியும். அடுத்து வீதியும் அதன் ஓரமாக விட்டிருக்கும் ஒதுக்கு நிலமும் வரும். அது மாநகர சபையின் உள்வீதியாக இருக்கலாம், மாகாண வீதியாக இருக்கலாம், ஏ அல்லது பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வீதிக்கு அப்பால் உள்ள புல்தரை, நடைபாதை, பூங்கா பெரும்பாலும் சபையின் பராமரிப்பில் இருக்கும். கரை சரிந்து தண்ணீரைத் தொடும் பகுதி அரச நிலம். அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் மண்முனை வடக்குப் பிரதேச செயலகம். ஒல்லாந்தர் கோட்டையை அண்டிய இடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டி வரும்.

“அது மாநகர சபையின்ட இடம்தானே” என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பிக் காசு கட்டாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள், சபையின் வேலைப் பகுதியில் வீதிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதி “இந்தத் துண்டு சபையின் கட்டுப்பாட்டில் உள்ளதா” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைத் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதே கடிதத்தில், பக்கத்தில் யாருக்காவது இப்படி இடம் கொடுத்திருந்தால் அதன் கட்டணம் என்ன, எத்தனை வருடத்துக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். பிறகு விலை பேசும்போது உதவும்.

அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டி வந்து துண்டை அளந்து வரைபடம் எடுப்பது செலவுதான். ஆனாலும் எடுங்கள். எங்கள் இடத்தை அளந்த நாளில் நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். தண்ணீர் அன்று மதிலுக்கு எட்டடி தள்ளிக் கிடந்தது. நான் அங்கிருந்து அளக்கப் போனேன். அளவையாளர் என்னை நிறுத்தி மதிலைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு மங்கலான பழுப்புக் கோடு. அதில் காய்ந்த சல்வீனியா நீர்க்களை ஒட்டியிருந்தது, இரண்டு மூன்று சின்னச் சிப்பியும் இருந்தன. “போன மாரியில தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு, தம்பி. இந்தக் கோட்டுக்குக் கீழ உள்ள எதையும் உங்கட கணக்கில சேர்க்காதீங்க” என்றார். நீங்களும் உங்கள் கரையில் அந்தக் கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.

கரையோரத் திணைக்களம்

இந்த விடயத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலோரத்தில் சராசரி உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கும் வாவி, ஆறு போன்றவற்றில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் வரும். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த நீர்நிலையின் ஓரமாக 100 மீற்றர் நிலமும் சேர்ந்தது. வலயத்துக்குள் நிலத்தின் இயல்பை மாற்றும் எந்த அபிவிருத்தி வேலைக்கும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கட்டடம் மட்டுமல்ல, மண் கொட்டி நிரப்புவது, மண் அள்ளுவது, கழிவு கொட்டுவதும் இதில் அடங்கும்.

எங்கள் வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. நகரத்துக்குக் கிட்டிய அதன் வாய் பாலமீன்மடுப் பக்கம், வெளிச்ச வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது. உங்கள் கடை முகத்துவாரத்தை அண்டியதென்றால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் வலயத்துக்குள். கல்லடிக் கடற்கரைப் பக்கமென்றால் அந்த 300 மீற்றர்க் கணக்கு. புளியந்தீவு போல வாயிலிருந்து தள்ளி உள்ள இடங்களில்தான் நீங்களே முடிவெடுக்கக் கூடாது. அளவை வரைபடத்தை இணைத்து, “இவ்விடம் கரையோர வலயத்துக்குள் அடங்குமா, அடங்குமானால் தூக்கி வைக்கக்கூடிய மேசை கதிரைகளுக்கு அனுமதி தேவையா” என்று திணைக்களத்துக்கு எழுதிப் பதில் வாங்குங்கள். அடங்காது என்ற பதில் வந்தாலும் அந்தத் தாள் உங்களுக்குப் பெறுமதியானது. பின்னர் யாராவது முறையிட்டால் நீங்கள் காட்டப்போவது அதைத்தான்.

கூரை, தூண், மரத்தளம் என்று எதையாவது நிரந்தரமாகக் கட்ட விரும்பினால் கதை வேறு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள், நீர்நிலை ஒதுக்கு, திட்டமிடல் குழு என்று நீளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். முதல் இரண்டு வருடம் குடையும் மடக்குக் கதிரையும் போதும். கண்டல் மரம் இருந்தால் ஒரு கொப்பைக்கூட வெட்டாதீர்கள். கரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர். இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான்.

சொந்தக் கடையின் தாள்கள்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்த வருடத்துக்கான சபையின் வியாபார அனுமதிப் பத்திரம், நிலுவை இல்லாத சோலை வரிப் பற்றுச்சீட்டு, சமையல் ஆட்களின் மருத்துவச் சான்று. இவை நான்கும் கையில் இல்லாமல் வெளியே இடம் கேட்டுப் போகக் கூடாது. வியாபார அனுமதி ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த உணவகமென்றால் அந்த அனுமதிக் கட்டணத்தை முந்திய வருட வரும்படியின் 1 சதவீதம் வரை கேட்கலாம், ஆகவே கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கட்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையைப் பார்த்துத் தரம் கொடுப்பார். வெளியே பத்து மேசை கூடினால் உள்ளே கழுவும் தொட்டி, மலசலகூடம், குப்பை வாளி எல்லாவற்றுக்கும் பத்து மேசையின் பாரம் கூடும். அவர் வந்து கண்டுபிடிக்கும்வரை பார்த்திருக்காமல் நீங்களே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். “ஐயா, இப்படி ஒரு யோசனை, என்ன குறை?” என்று முன்னாலேயே கேட்டால் அவர் நல்ல யோசனை சொல்வார். எங்களுக்கு அவர் சொன்னது, பாத்திரம் கழுவும் தண்ணீர் வாவிக்குப் போகிற வடிகானில் விழக் கூடாது, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஒரு தொட்டி கட்டி அதற்குப் பிறகு ஊறுகுழிக்கு விட வேண்டும் என்பது. போட்டு உடைத்த அந்தத் தளத்தை விட்டால், முழு வேலையிலும் செய்த ஒரே சீமெந்து வேலை அதுதான், அதுவும் எங்கள் காணிக்குள்.

வரைபடம்: மேசையை விட வழியைப் பாருங்கள்

ஏ4 தாளில் அடிமட்டம் வைத்து நீங்களே வரையலாம். நாலு பேர் குந்தும் ஒரு மேசைக்குக் கதிரை இழுக்கிற இடத்தோடு ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடி வேண்டும். பத்து மேசைக்கு 360 சதுர அடி. நடைபாதையில் குறைந்தது ஆறடி சும்மா விடுங்கள். சக்கரநாற்காலி ஒன்றும் அதற்கு எதிரே வரும் ஆள் ஒருவரும் இடிபடாமல் போக வேண்டும். குப்பை வண்டி, அம்புலன்ஸ் வரும் வழியைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

நாங்கள் முதலில் வரைந்த படத்தில் கரையை ஒட்டி ஐந்து மேசை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்தபடி நின்றபோது, வீச்சு வலையைத் தோளில் போட்டபடி ஒரு பெரியவர் வந்தார். எங்கள் அப்பாவின் வயதிருக்கும். படத்தை வாங்கிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லாம் வடிவாத்தான் இருக்கு மனே. மறுகா நான் தோணிய எங்க கட்டுற?” என்று கேட்டார். மதில் உடைந்து கிடந்த அந்த ஆறடி இடைவெளியால்தான் அவர் முப்பது வருடமாக இறங்கி ஏறுகிறார். எங்களுக்கு அது வெறும் உடைந்த மதிலாகத் தெரிந்திருந்தது. அன்றே இரண்டு மேசையை எடுத்துவிட்டு, படத்தில் “மீனவர் இறங்குவழி” என்று எழுதினோம். அக்கா காலையில் இறால் வாங்குவது இப்போது அவரிடம்தான்.

உங்கள் கரையிலும் இப்படி ஒரு வழி கட்டாயம் இருக்கும். காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போய் நின்று யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். தூண்டில்காரர், நடக்க வருபவர், சாமான் கழுவ வருபவர், திருவிழா நாளில் தீர்த்தத்துக்கு வருபவர். அவர்களுக்கு இடம் விட்ட படத்துக்கு எதிர்ப்பு குறைவாகத்தான் வரும்.

விண்ணப்பமும் சபைக் கூட்டமும்

கடிதம் மாநகர ஆணையாளருக்கு, பிரதி மாநகர முதல்வருக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த இடம், எத்தனை சதுர அடி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்னென்ன பொருட்கள், இரவில் அவை எங்கே போகும், துப்புரவு யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு. பின்னால் அளவை வரைபடம், உங்கள் படம், நான்கு தாள்களின் பிரதி, இரண்டு புகைப்படம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

எழுதுவினைஞரோ உத்தியோகத்தரோ நல்ல மனதோடு “சரி, போடுங்க” என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. சபையின் சொத்தைத் தனியார் பயன்பாட்டுக்குக் கொடுப்பதைச் சபைதான் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு ஆணையாளர்களே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு மட்டக்களப்பில் மறுபடி மக்கள் தெரிவுசெய்த சபை இருக்கிறது. ஆகவே உங்கள் வட்டார உறுப்பினரிடம் படத்தைக் காட்டி விளக்குவது முறையான வேலை. காட்டுங்கள், ஆனால் ஒரு ரூபாகூடக் கையில் கொடுக்காதீர்கள். எந்தக் கட்டணமும் சபையின் காசாளரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குவதாகவே இருக்க வேண்டும்.

ஒரு கசப்பான விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் கடைக்கு முன்னால் இருக்கிறது என்பதால் அந்த இடம் உங்களுக்கே கிடைக்கும் என்றில்லை. பொதுச் சொத்து என்பதால் சபை கேள்வி (டெண்டர்) கோரலாம், வேறொருவர் கூடிய தொகை போட்டு எடுக்கவும் கூடும். பெரிய துண்டாகக் கேட்டால் அந்த வாய்ப்பு அதிகம். உங்கள் வாசலுக்கு நேரே, உங்கள் முகப்பின் அகலத்துக்குள், வேறு யாருக்கும் பயன்படாத சின்னத் துண்டாகக் கேட்பதே புத்தி.

கேள்விக்குத் தொகை போட முன் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, சதுர அடிக்கு மாதம் 30 ரூபா என்று வைப்போம். 360 சதுர அடிக்கு 10,800 ரூபா. வருடத்துக்கு 1,29,600. ஆனால் மாரியில் மூன்று மாதம் வெளியே யாரும் குந்த முடியாது. மிஞ்சும் ஒன்பது மாதத்தில் பிரித்தால் உண்மையான வாடகை மாதம் 14,400. மாதம் 25 மாலை என்றால் ஒரு மாலைக்கு 576 ரூபா, மேசைக்கு 58 ரூபா. இந்த 58 ரூபாவை ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு மேசையும் முதலில் உழைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்கும் கொத்துக்கும் இலாபம்.

ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது

தலைப்பைப் பாருங்கள். அனுமதி என்று இருக்கிறதா, குத்தகை என்று இருக்கிறதா? குத்தகை என்றால் ஒரு மாதத்துக்கு மேற்பட்டது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. அனுமதி என்றால் அது உங்கள் பெயருக்கு மட்டும், விற்கவும் முடியாது, கடையோடு சேர்த்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. அரச நிலத்தில் செல்லுபடியான பத்திரம் இல்லாமல் இருந்தால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வரும், பிறகு நீதவான் நீதிமன்றம். அங்கே “பத்து வருடமாக இருக்கிறேன்” என்ற பேச்சு எடுபடாது. பத்திரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

கையொப்பம் வைக்க முன் சில வரிகளைச் சேர்க்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். வரைபடம் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். வெள்ளத்தாலோ பொது நிகழ்வாலோ இடத்தைப் பயன்படுத்த முடியாத மாதங்களுக்குக் கட்டணக் கழிவு. எடுக்கச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்பது. வைப்புப் பணம் எப்போது திரும்பும் என்பது. முதல் தடவை கேட்டதுமே எல்லாம் கிடைக்காது. எங்களுக்கு அவகாச நாட்கள் கிடைத்தன, மாரிக் கழிவு இரண்டாம் வருடப் புதுப்பித்தலில்தான் கிடைத்தது.

மேசை போட்ட பிறகு

காகம். கல்லடியிலோ புளியந்தீவிலோ வெளியே சாப்பாடு வைத்தவர்களுக்கு இது தெரியும். ஒரு மேசையில் மிச்சம் ஐந்து நிமிடம் கிடந்தால் இருபது காகம் வந்துவிடும், அடுத்த மேசைக்காரர் எழுந்து போய்விடுவார். மேசை எடுப்பதற்கென்றே ஒரு ஆளை வையுங்கள். மூடியுள்ள வாளி வாங்குங்கள். தாள் கைக்குட்டையைக் கல் வைத்து அமர்த்துங்கள், ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அது நேரே வாவிக்குள்தான் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, தட்டு ஆகியவை 2023 ஒக்டோபரிலிருந்து தடை. வெளிச்சம் மஞ்சளாக, தாழ்வாக, தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் இருந்தால் பூச்சி குறையும், தோணிக்காரருக்கும் கண் கூசாது.

ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம் என்பேன். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கட்டளையிட்டிருக்கிறது. அதற்கு முந்திய நேரத்திலும் பொலிஸ் அனுமதி வேண்டும். பாடும் மீன் இருக்கிற வாவி என்று கேள்விப்பட்டுத்தான் தூர இடத்து ஆட்கள் அங்கே வந்து குந்துகிறார்கள், தண்ணீரின் சத்தம் அவர்களுக்குக் கேட்கட்டும்.

எந்த மாதத்தில் என்ன

கார்த்திகை மழை தொடங்கினால் தை வரை வெளியே வியாபாரம் இல்லை. முகத்துவாரம் மூடியிருந்து மழை பிடித்தால் ஒரே இரவில் வாவி ஏறும், பிறகு வாயை வெட்டிவிட்டால்தான் இறங்கும். பாசிக்குடாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை, நகரத்துக்கு வருபவர்களும் அப்போதுதான் அதிகம். மே மாதத்தில் மேசை போட வேண்டுமென்றால் முந்திய ஆகஸ்டிலேயே கடிதம் கொடுங்கள். வருட முடிவில் சபை வரவுசெலவுத் திட்டத்தைப் போடும்போது உங்கள் கோப்பு மேசையில் இருக்கும். மாரி மாதங்களை அளவைக்கும் திணைக்களப் பதிலுக்கும் பயன்படுத்தலாம்.

கல்முனையில் செய்பவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும், அங்கேயும் மாநகர சபை. பொத்துவில், அறுகம்பைப் பக்கமென்றால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள பிரதேச சபையிடம் போக வேண்டும். அங்கே நேரடிக் கடற்கரை என்பதால் முதல் கடிதமே கரையோரத் திணைக்களத்துக்குத்தான்.

புதுப்பிக்கிற மாதம் வரும்போது, மேசையெல்லாம் எடுத்த பிறகு காலை வெளிச்சத்தில் வெறும் இடத்தைப் படம் பிடித்து விண்ணப்பத்தோடு சேருங்கள். புல் அப்படியே இருக்கிறது, இறங்குவழி திறந்திருக்கிறது, மதிலில் ஒரு ஆணி கூட இல்லை என்று அந்தப் படத்தில் தெரிய வேண்டும். மூன்று வருடமாக நாங்கள் கொடுத்த படங்கள் அந்தக் கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.